இங்கிலீஷ் சாவி வாட்ச்சா, அமெரிக்கன் வால்தமா? நம்ம ஊர் ஈரக்காத்துக்கு எது சரி

19ஆம் நூற்றாண்டு பாக்கெட் பிஸ்டல் சேர்க்கணும்னு ஆசை இருந்தாலும் சிங்கப்பூர்ல மனசோட வச்சுக்க வேண்டியதுதான், லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா ஜெயிலோட பிரம்படியும் சேர்ந்து வரும். அதே காலத்து சாமான், பாக்கெட்ல அடங்கணும், வம்பும் வேணாம்னா பாக்கெட் வாட்ச்தான். ரொம்ப செலவு பண்ணாம பாத்தா ரெண்டு வகை கண்ணுல படும்: தனி சாவி போட்டு முடுக்குற இங்கிலீஷ் வெள்ளி வாட்ச், இல்லன்னா மேல கொண்டையை திருகுற அமெரிக்கன் கம்பெனி வாட்ச், வால்தம், எல்ஜின் மாதிரி. நான் எடுத்தது வால்தம், அதனால என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

அழகுல இங்கிலீஷ்தான், இதுல சண்டையே இல்ல. உள்ள மிஷின் மேல கையால செதுக்கின பூ வேலை, பின்மூடியை தொறந்தா வெள்ளியில அசல் வெள்ளிக்கான சிங்க முத்திரை, நங்கூரம் இருந்தா பர்மிங்காம்ல முத்திரை போட்டது, கூடவே ஒரு எழுத்து, அதை வச்சு எந்த வருஷத்துதுன்னே கண்டுபிடிச்சிடலாம். வால்தமுக்கு வருஷம் கண்டுபிடிக்க மிஷின் மேல இருக்க சீரியல் நம்பர் போதும். டைம் ரெண்டுமே சுமாராத்தான் காட்டும், அதுக்குத்தான் போன் இருக்கே.

என்னை முடிவு பண்ண வச்சது மெயின்டனன்ஸ். இங்கிலீஷ் வாட்ச் உள்ள ஃபியூசின்னு கூம்பு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல சுத்துறது சைக்கிள் செயினையே பொடிசா பண்ண மாதிரி ஒரு ஸ்டீல் சங்கிலி, இங்கிலாந்துல கிறைஸ்ட்சர்ச் ஊர்ல பொம்பளைங்களும் சின்ன பிள்ளைங்களும் உக்காந்து கண்ணு போக ஆணி அடிச்சு கோர்த்தது. பாவமாவும் இருக்கு, பிரமிப்பாவும் இருக்கு. ஆனா ஸ்டீல் ஸ்டீல்தானே, இங்க அடிக்குற ஈரக்காத்துல ஒரு கண்ணி துரு ஏறினாலும் பட்டுனு போயிடும், அதுவுமில்லாம சாவி போட தினமும் பின்மூடியை தொறக்கணும், தொறக்கறப்பல்லாம் தூசியும் ஈரமும் உள்ள போகும். பார்ட்ஸும் ஒவ்வொரு வாட்சுக்கும் தனியா இழைச்சு பொருத்தினது, இன்னொண்ணுலேர்ந்து கழட்டி போட முடியாது. ரிப்பேர் கடை அங்கிள் சங்கிலியை பாத்ததுமே "நோ பார்ட்ஸ் லா"ன்னு திருப்பி குடுத்துடுவாரு.

வால்தம்ல சங்கிலியே கிடையாது. கொண்டையை திருகறதால தொறக்குற வேலையும் இல்ல. எல்லாம் ஃபேக்டரில ஒரே அளவுல அடிச்ச பார்ட்ஸ், ஓடாத அதே மாடல் ஒண்ணை சல்லிசா வாங்கி வச்சா உதிரிக்கு ஆச்சு (அப்பவும் கொஞ்சம் தேய்ச்சு பொருத்த வேண்டி வரலாம்). எதை வாங்கினாலும் கேமராவுக்கு வைக்குற, ஈரம் ஏறாத டிரை கேபினட்ல வைங்க.

ரீசேல் பத்தி அடிச்சு சொல்ல மாட்டேன், நான் இன்னும் ஒண்ணு கூட விக்கல. வெள்ளி கேஸ்னா வெள்ளி விலையாவது நிக்கும், அந்த வகையில இங்கிலீஷ் ஒரு படி மேல.

அமெரிக்கன் வாங்கறவங்க ஒண்ணு பாத்துக்குங்க, அந்தக் காலத்துல மிஷினையும் கேஸையும் தனித்தனியா வித்தாங்க. கேஸ் உள்விளிம்புல ஸ்க்ரூ தடம் ரெண்டு ஜோடி தெரிஞ்சா பின்னாடி யாரோ வேற மிஷினை மாத்தி போட்டிருக்காங்க, அதைக் காட்டியே விலையை குறைங்க.