குட்டி மரங்கொத்திக்கு எந்தப் பேரினம்: டென்ட்ரோகோபஸா, யுங்கிபிகஸா?

பறவைக் குறிப்பேட்டில் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிக்கு, ஒரு பக்கம் என்று ஒதுக்கி எழுதுவது என் வழக்கம். போன மாதம் பழைய ஏட்டைப் புதிதாக எழுதும்போது பழுப்புத்தலைக் குட்டி மரங்கொத்தியில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் இருக்கும் கையேடுகளில் ஒன்று அதை டென்ட்ரோகோபஸ் என்கிறது, ஒன்று பிகாய்டஸ் என்கிறது, புதியது யுங்கிபிகஸ் என்கிறது. 1832-இல் வைத்த நானஸ் என்ற இனப்பெயர் மட்டும் மூன்றிலும் ஒன்றுதான். லத்தீனில் குள்ளன் என்று பொருள். நான் யுங்கிபிகஸ் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

பழைய முறை சுலபம்தான். கறுப்பு வெள்ளையாக வரியோ புள்ளியோ இருந்தால் டென்ட்ரோகோபஸ். மராட்டிய மரங்கொத்தியும் நானஸும் அடுத்தடுத்த வரியில் வந்துவிடும்.

எனக்கு முக்கியம், எழுதிய பக்கத்தை மறுபடி கிழிக்க வேண்டாம் என்பது. நிறத்தை நம்பிச் சேர்த்த கூட்டம் நிலைக்காது. ஃபுக்ஸ், போன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2015-இல் பல மரபணுக்களை ஒப்பிட்டு இந்த வகை மரங்கொத்திகளைத் திரும்ப வகைப்படுத்தினார்கள். நானஸ் போன்ற ஆசியக் குள்ளர்கள் யுங்கிபிகஸ் என்ற தனிக் கிளையாக நின்றார்கள். மராட்டிய மரங்கொத்தி லியோபிகஸ் என்ற பேரினத்துக்குத் தனியாகப் போனது. எல்லாரையும் டென்ட்ரோகோபஸிலேயே வைத்திருக்க நினைத்தால், ஆப்பிரிக்க, அமெரிக்க மரங்கொத்திகள் பலவற்றையும் அதற்குள் இழுத்துப்போட வேண்டும். அப்புறம் அந்தப் பெயர் எதைத்தான் குறிக்கும்?

சரி, பிகாய்டஸ்? ஒரு காலத்தில் அமெரிக்க இனங்கள் பலவும் அதில் இருந்தன. இப்போது அது வடதிசைக் காடுகளில் வாழும் மூன்று விரல் மரங்கொத்திகளுக்கு மட்டுமே. நானஸுக்குக் காலில் நான்கு விரல்.

உருவம் சிறியது என்பதையும் நம்ப முடியாது. மரங்கொத்திக் குடும்பத்திலேயே உள்ள, பத்து சென்டிமீட்டரே நீளமுள்ள புள்ளி பிக்யூலெட் நானஸைவிடச் சிறியது, ஆனால் அது வேறு துணைக்குடும்பம். வாலைப் பார்த்தால் போதும். எங்கள் தெருக் கொடுக்காப்புளி மரத்தில், பென்சில் தடிமன் கிளையில் ஒரு நானஸைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். விறைத்த வாலை மூன்றாவது காலைப் போல ஊன்றிக்கொண்டு கொத்தியது. தலையைத் திருப்பியபோது கண்ணுக்குப் பின்னால் நூல் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு: ஆண். பிக்யூலெட்டின் வால் குட்டையாக, மெத்தென்று இருக்கும், ஊன்ற உதவாது.

சாம்பல்தலைக் குட்டி மரங்கொத்தியை இமயமலை அடிவாரத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே அதையும் நானஸையும் தூரத்தில் பிரித்தறிய என் பேச்சை நம்பிப் போக வேண்டாம். இலங்கையில் அந்தக் குழப்பம் இல்லை, அங்கே இருப்பது நானஸ் மட்டும், அதுவும் வயிற்றில் கோடுகள் இல்லாத வகை.

யுங்கிபிகஸ் பக்கத்தில் ஜப்பான், சுலவேசி, பிலிப்பைன்ஸ் இனங்களையும் சேர்த்து ஏழு வரி போட்டிருக்கிறேன். இரண்டில் பார்த்த தேதி எழுதியாகிவிட்டது.