‘வீடு உங்க பேருக்கு வந்துடும் தங்கச்சி’ என்று சொல்லும் ஆலோசகரிடம் ஜாக்கிரதை

சிங்கப்பூரில் விவாகரத்துக்குப் பிறகு எச்டிபி (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களும் படிக்கலாம். அந்த ஆலோசகர் இரண்டு தரப்புக்கும் வேலை பார்க்கிறவர்தான்.

ஈசூனில் எங்கள் நாலறை வீடு 2012ல் வாங்கியது, இருவர் பெயரிலும். 2023ல் பிரிவது என்று முடிவானபோது பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இருவரும் என்னோடு, வீடு எனக்கு, அவர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார் என்று சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடித்துவிட்டோம். பேசி முடித்த விஷயத்துக்கு வக்கீலுக்கு ஏன் தண்டம் அழ வேண்டும் என்று தோன்றியது. கூட வேலை செய்யும் ஓர் அக்கா இந்த ஆலோசகருடைய நம்பரைக் கொடுத்தார்.

தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். கையில் ஃபைல், நெற்றியில் திருநீறு, நல்ல தமிழ். வக்கீல் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, ‘ஆலோசகர்’ என்றார். நான்தான் அதைக் கவனிக்கவில்லை. “மொத்தம் 2,800 வெள்ளி தங்கச்சி, மூணு மாசத்துல வீடு உங்க பேருக்கு வந்துடும்.” 1,000 வெள்ளியை (டாலரை) பேநவ்வில், அதாவது வங்கி வழியாக, அனுப்பினேன். மீதி 1,800ஐக் கையில் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். “நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தார்.

ஒரு வாரத்தில் ஆங்கிலத்தில் ஒரு கத்தைத் தாள் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். முதல் பக்கத்தில் இருந்த முகவரி எங்களுடையது இல்லை, செங்காங்கில் எதோ ஒரு புளோக்! சொன்னதும் “டைப்பிங் மிஸ்டேக்” என்று மாற்றிக் கொடுத்தார். வேறு யாருக்கோ தயாரித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் எல்லாம் போட்டேன். நானே எனக்காக வழக்குத் தொடுத்தது போலத் தாக்கல் ஆனது. ஆலோசகர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

ஏழாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: கணவர் தன் பங்கை எனக்கு மாற்றித் தருவார், ஆனால் வீட்டுக்காக அவர் எடுத்த சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம் முழுவதையும் வட்டியோடு நான் அவருடைய கணக்கில் கட்ட வேண்டும். இறுதித் தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் நாங்கள் சிபிஎஃப் பற்றிப் பேசவே இல்லை. அதைத் திருப்பிக் கட்டுவது என்று ஒன்று இருக்கிறது என்றே இருவருக்கும் தோன்றவில்லை.

தீர்ப்பு வந்து, பெயர் மாற்றப் போனபோதுதான் கணக்கு தெரிந்தது. கணவர் சிபிஎஃப்பிலிருந்து எடுத்தது 68,400 வெள்ளி. ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி சேர்ந்து 83,300. இதற்கு மேல் வீட்டின் பாக்கிக் கடன் 142,000. என் சம்பளம் 2,600. எச்டிபி வீட்டுக் கடன் தவணை சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது எனக்கு 780 வெள்ளிதான் எல்லை. எனக்கு அப்போது 44 வயது. 65 வரை 21 ஆண்டு என்று போட்டால், பாக்கிக் கடனுக்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 760 வரும். மூச்சு முட்டினாலும் கட்டியிருப்பேன். 83,300ஐயும் சேர்த்தால் 1,200ஐத் தாண்டுகிறது. ஏழாம் பக்கத்தின் அந்த ஒரு வாசகம் இல்லையென்றால் வீடு என்னுடையது.

சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். இளவயது வக்கீல் ஒருவர், இருபது நிமிடம்தான். ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பங்கை மாற்றும்போது சிபிஎஃப் பணம் முழுதாகத் திரும்ப வேண்டுமா, ஒரு பகுதியா, வேண்டவே வேண்டாமா என்பதைத் தீர்ப்பிலேயே எழுதிக்கொள்ளலாமாம். அதற்குச் சிபிஎஃப் வாரியத்திடம் மாதிரி வாசகங்களே இருக்கின்றனவாம். முன்னதாகவே எச்டிபிக்கும் சிபிஎஃப்புக்கும் எழுதி, கடன் என் ஒருத்தி பெயரில் தாங்குமா, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பதில் வாங்கிவிட்டுத்தான் கையெழுத்துக்கே போவார்களாம். நம் ஆலோசகர் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. “ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாத்தக் கேட்டுப் பார்க்கலாம் அக்கா, இல்லன்னா ரொம்பக் கஷ்டம்” என்றார் அந்தத் தம்பி.

என் முன்னாள் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. “தீர்ப்புலயே இருக்குல்ல” என்றார். அவரையும் முழுசாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. 83,300 வெள்ளி யாருக்குத்தான் கசக்கும்? மேசையில் பேசிய பேச்சுக்கு யார் சாட்சி?

ஆறாவது மாதம் வீடு விற்பனைக்குப் போனது. இப்போது அதே ஈசூனில் மூவறை வீடு, வேறு பக்கம். மகன் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போகிறான்.

ஆலோசகரைக் கேட்டேன். “நீங்கதானே தங்கச்சி கையெழுத்துப் போட்டீங்க” என்றார். வழக்கறிஞர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம் என்றால் அவர் வக்கீலே இல்லை. கடைசியில் ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் (சிறு தொகை வழக்குகளுக்கானது) போட்டேன். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். என் கையில் இருக்கும் சாட்சி பேநவ்வில் பதிவான அந்த 1,000 வெள்ளி மட்டும்தான். கையில் கொடுத்த 1,800க்கு எதுவும் இல்லை.

இவரைப் போலவே திருநீறும் ஃபைலுமாக யாராவது உங்களையும் தேக்காவுக்குக் கூப்பிட்டால், முதலில் வக்கீல் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். போன தீபாவளிக்கு எனக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குத்துவிளக்குப் படம் வந்தது. ‘புது வீட்டில் புது ஒளி’ என்று போட்டிருந்தார்.