தீப்பொறியா, பெட்ரோலா: எதை முதலில் பார்ப்பது?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. அப்படியானால் பேட்டரியை விட்டுவிடலாம். பெட்ரோல் வண்டியில் மிச்சமிருக்கும் முக்கியச் சந்தேகங்கள் இரண்டு: பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் ஸ்பார்க் இல்லை.

பெட்ரோல் பக்கம் பார்ப்பது சுலபம். பெரும்பாலான இன்றைய வண்டிகளில், சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேங்க் பக்கம் சுமார் இரண்டு விநாடி "ம்ம்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? முதலில் பியூஸ், பிறகு ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அப்புறம் பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். ஆனால் சத்தம் கேட்டாலே அழுத்தம் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் பாடிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்பார்க் பக்கம் கொஞ்சம் வேலை அதிகம், பதில் தெளிவு. ஸ்டார்ட்டரைப் பல முறை சுற்றியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பெரும்பாலும் பற்றவைக்கத்தான் ஆளில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கமே திரும்புங்கள். பொறியைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டரையே பயன்படுத்துங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் வெறும் பிளக்கைப் பொறிய விடுவது ஆபத்து.

நான் முதலில் பம்ப் சத்தத்தைத்தான் கேட்பேன், ஒரு ஸ்பேனரும் வேண்டாமே. பிளக்குக்குப் பெட்ரோலும் வரவில்லை, ஸ்பார்க்கும் இல்லையென்றால் கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கருவி) சந்தேகியுங்கள். அது கெட்டிருந்தால், பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் ஆர்பிஎம் (இன்ஜின் வேகம்) காட்டும் முள் அசையாது.