கிழங்கு பெகோனியா என்று சொல்லி அனுப்பியது வேறு: நாற்று வாங்குவோர் கவனத்துக்கு

இணையத்தில் பெகோனியா பூச்செடி நாற்று வாங்க நினைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்து ஏமாந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

பெகோனியா விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் பல்லாயிரம் விதை. மண் மூடாமல் மேலாகத் தூவி, ஈரமும் வெளிச்சமும் குறையாமல் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டால்தான் தொட்டிக்கு மாற்றும் அளவுக்கு வரும். அதனால்தான் பலரும் குழித்தட்டு நாற்றாக, அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்த்த நாற்றாக, வாங்குகிறோம். நானும் அடுக்குப் பூ பூக்கும் கிழங்கு பெகோனியா, நான்கு நிறம், 24 நாற்று என்று பணம் கட்டினேன். 'நன்றாக வேர் பிடித்தவை' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

பெட்டி வர ஆறு நாள் ஆனது. காற்றுத் துளை ஒன்றுகூட இல்லாத பிளாஸ்டிக் உறை, உள்ளே முத்து முத்தாக நீர். 9 நாற்றுகள் தண்டு அழுகிச் சாய்ந்து, சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. மீதியில் ஒன்றைக் குழியிலிருந்து தூக்கினேன். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கையில் நின்றது இரண்டு இழை வேர். நல்ல நாற்றென்றால் வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு, குழியின் வடிவத்திலேயே கட்டியாக வெளியே வரும்.

ஒரு மணி நேரத்துக்குள் படம் எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். "தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்" என்று பதில். நான் இன்னும் ஒரு சொட்டு ஊற்றவே இல்லை! அடுத்து, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். அந்த நிபந்தனை விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. நீங்கள் பிரிப்பதற்கு முன்பே கேமராவை ஓடவிட்டுவிடுங்கள்.

இலையைப் பற்றியும் கேட்டேன். கிழங்கு பெகோனியா இலை நுனி கூர்ந்து, ஓரம் பல் பல்லாக, ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்கும். எனக்கு வந்ததெல்லாம் வட்ட இலை, மெழுகு பூசியது போன்ற பளபளப்பு. "சின்ன நாற்றில் தெரியாது, பூத்த பிறகு சொல்லுங்கள்" என்றார்கள். நம்பினேன். அங்கேதான் தவறிவிட்டேன்.

மிஞ்சிய 15-ஐயும் சின்னத் தொட்டிகளில் வைத்தேன். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகல் வரும். கோகோபீட்டோடு பெர்லைட் (நீர் தேங்காமல் இருக்கக் கலக்கும் வெள்ளை மணிகள்) கலந்து, தண்டைப் புதைக்காமல், குழியில் இருந்த அதே மட்டத்தில் நட்டேன். இலை நனையாமல் தட்டில் நீர் வைத்து, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். சுள்ளென்ற வெயில் படாத வெளிச்சமான இடம். 11 பிழைத்தன.

பூத்தது. எல்லாம் சின்னச் சின்ன ஒற்றை அடுக்குப் பூ, ஒரே இளஞ்சிவப்பு. கேட்டால், "அது பெண் பூ, அடுக்குப் பூ பின்னால் வரும்" என்றார்கள். பாதி உண்மையை வைத்து மடக்கும் பதில் இது. பெகோனியாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கும். கிழங்கு வகையில் அடுக்காக வருவது ஆண் பூ, பக்கத்தில் வரும் பெண் பூ பெரும்பாலும் ஒற்றை. ஆனால் பெண் பூவைத் திருப்பிப் பார்த்தால் இதழுக்குப் பின்னால் இறக்கை வைத்த சூலகம் (விதை உருவாகும் பகுதி) இருக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இறக்கை இல்லாத பூக்களும், அதாவது ஆண் பூக்களும், ஒற்றைதான். அதையும் படமெடுத்து அனுப்பினேன். "புகார் செய்ய 7 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது" என்று வந்தது. பூத்த பிறகு சொல்லச் சொன்னதே அவர்கள்தான்!

வந்தது மெழுகு பெகோனியா என்ற வேறு வகை. அதைக் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்கப் பூக்கக்கூடிய நல்ல செடி. நான் கேட்டது அதுவல்ல, பணம் கொடுத்ததும் அதற்கல்ல.

மனது ஆறாமல், போன வாரம் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் கிழங்கு வகையென்றால் தண்டின் அடியில் கொட்டை போலத் திரண்டிருக்க வேண்டும். வெறும் நார் வேர். அந்தப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை.