அம்பேத்கரா பெரியாரா, முதல்ல யாரப் படிக்கலாம்?

ரெண்டு பேருமே சாதி ஒழியணும்னுதான் பேசுனாங்க, ஆனா படிக்கிற அனுபவம் சுத்தமா வேற. பெரியார் எழுத்து அப்படியே பேச்சு மாதிரி, நேரா வீட்டுக்குள்ள வந்து பொண்ணுக்கு ஏன் சொத்து இல்ல, தாலி எதுக்குன்னு மடக்குவாரு. சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்வாரு, அது கொஞ்சம் அலுப்புதான். சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி செல்லும்னு 1967ல சட்டசபைல நிறைவேறுனதயும் உயிரோட இருந்து பாத்துட்டாரு.

அம்பேத்கர் வக்கீல் ஆச்சே, ஆதாரத்த அடுக்காம அடுத்த அடி வைக்க மாட்டாரு. 1936ல லாகூர்ல பேசக் கூப்பிட்டவங்க உரைல சிலத மாத்தச் சொன்னாங்க, ஒரு கமாவக்கூட மாத்த மாட்டேன்னுட்டாரு, கூட்டமே ரத்தாச்சு, மனுஷன் சொந்தக் காசுல அச்சடிச்சு வித்தாரு! 1949 நவம்பர் 25ல அரசியல் சட்டம் எழுதுன சபைல அவர் பேசுன உரை இன்னும் சூடு: அரசியல்ல தலைவர் மேல பக்தி வந்தா கடைசில சர்வாதிகாரம்தான்னு அன்னிக்கே சொல்லிட்டாரு, இப்போ எந்தக் கட்சி கட்அவுட்டப் பாத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

என் ஓட்டு? வீட்டுல சண்டை போடணும்னா பெரியார், எதிராளி வாதத்த உடைக்கணும்னா அம்பேத்கர். நான் பெரியார்லதான் ஆரம்பிச்சேன், ஆனா அடிக்கடி திரும்பிப் போறது அந்த 1949 உரைக்குதான்.