கைப்பிடிக்கு அடியில் துரு: அவசரப் பையில் பெரிய கத்தி வைத்திருப்பவனின் அனுபவம்

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருந்தான்: "அண்ணா, இந்தக் கத்தி விலை நல்லா இறங்கியிருக்கு. எமர்ஜென்சி பைக்கு வாங்கிப் போடலாமா?" அது நான் பல வருடங்களாக வைத்திருக்கும் அதே கத்தி. அவன் கேட்ட அந்த வாரம்தான் என்னுடையது பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதனால் ஒரு வரியில் வாங்கு, வாங்காதே என்று சொல்ல மனம் வரவில்லை.

கத்தியின் நீளம், கனம் எல்லாம் கடைப் பக்கத்திலேயே இருக்கும். 1095 என்ற ரகக் கார்பன் எஃகு, கறுப்புப் பூச்சு, மிகார்ட்டா (துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த தகடு) கைப்பிடி, பிடியின் கடைசி வரை ஒரே இரும்பாக ஓடும் தண்டு. இந்த வகைக் கத்திகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. கம்பெனி பெயரும் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

முதலில் நல்லது. வெட்டுவதில் இதை மிஞ்சிய கத்தியை நான் கையில் பிடித்ததில்லை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை டர்பன்காரர்கள் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் இசிப்பிங்கோ பக்கம் தண்ணீர் வடிந்த பிறகு அத்தை வீட்டுக்குள் போனால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் சேறு. தண்ணீர் குடித்த தரைவிரிப்பின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர் அறையின் விரிப்பை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து, சுருட்டி, வாசலில் கொண்டு போய்ப் போட வேண்டும். அந்த வேலை முழுக்க இந்தக் கத்திதான் செய்தது. விரிப்புக்குள் மண் இருந்ததால் கூர் சீக்கிரம் போனது. ஆனால் ஒரு சாதாரணக் கல்லில் கொஞ்ச நேரம் தேய்த்தால் திரும்பி வந்துவிடும். 1095-இன் பெரிய வரம் அதுதான். எந்தக் கல்லுக்கும் அடங்கும். விலை கூடிய சில ஸ்டெயின்லெஸ் எஃகுகள் கூரை ரொம்ப நாள் பிடித்து வைக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் வைரக்கல் இல்லாமல் வழிக்குக் கொண்டுவருவது கஷ்டம். மின்சாரமும் தண்ணீரும் போன வீட்டில் வைரக்கல்லுக்கு எங்கே போவது?

வேலியில் சிக்கிய கிளைகள், நைலான் கயிறு, பிளாஸ்டிக் குழாய் எல்லாவற்றையும் இது வெட்டியது. பிராய்க்கு, அதாவது வெளியில் தீ மூட்டி இறைச்சி சுடுவதற்கு, கத்தியின் முதுகில் தட்டி விறகு பிளப்பதற்கும் இதைத்தான் எடுப்பேன். காய்ந்த வாட்டில் மரக் கட்டை கல் மாதிரி இருக்கும். அதில் அடித்தும் வாயில் ஒரு சிதைவு இல்லை. வெப்பப் பதம் கொடுத்தவர்களின் கையை மெச்சத்தான் வேண்டும்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்த குறை.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துருவைத் தடுக்க எஃகில் குறைந்தது பத்தரை சதவீதமாவது குரோமியம் வேண்டும், 1095-இல் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால் வாய்ப்பகுதியைத் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவி வைப்பேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். பாரஃபினால் என் கத்தியின் வாய் இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. பூச்சு தேய்ந்த இடத்தில்கூட ஒரு பொட்டு இல்லை.

துரு வந்தது கைப்பிடிக்கு அடியில். இரண்டு மிகார்ட்டாத் தகடுகளுக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். வெள்ளத்துத் தண்ணீர், கை வியர்வை, மழை, எது பட்டாலும் அந்த இடைவெளி உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வராது, காற்றும் படாது, துணியும் எட்டாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் மெல்ல மெல்லத் தகட்டை வெளியே தள்ளும். ஒருநாள் பிடித்துப் பார்த்தபோது கைப்பிடி லேசாக ஆடியது. ஓரத்தில் பழுப்புக் கோடு.

கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றால், போல்ட் தலையில் உள்ள அறுகோணக் குழி அங்குல அளவில் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர். இங்கே ஹார்டுவேர் கடையில் யாரைக் கேட்டாலும் மில்லிமீட்டர் ஆலன் கீதான் (அந்தக் குழியில் விட்டுத் திருப்பும் அறுகோணச் சாவி) எடுத்துத் தருவார்கள். 3 மில்லிமீட்டர் கீ உள்ளே போகும், திருப்பினால் வழுக்கும், அறுகோணத்தைத் தேய்த்துவிடும். சரியான அளவுக் கீயைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தும், தொழிற்சாலையில் மரையில் போட்டிருந்த பசை விடவில்லை. பெட்டியில் மிக மலிவான ஒரு கீயைச் சேர்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. இத்தனை விலை வாங்கிக்கொண்டு அதை மறந்தவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கடைசியில் லேத் பட்டறைக்குத்தான் போனது. அங்கே இருந்த அண்ணன் போல்ட்டைச் சூடாக்கிப் பசையை இளக்கினார். ஒன்று வந்தது, இன்னொன்றைத் துளைபோட்டு எடுத்தார். தகட்டைத் தூக்கியதும் உள்ளே தண்டு முழுக்கக் குழி குழியாகத் துரு. அங்கே கறுப்புப் பூச்சே இல்லை, வெறும் இரும்பு. "பூச்சு இங்கேதான் தேவை, இங்கே மட்டும் அடிக்காம விட்டுட்டாங்களே" என்றார். தினமும் துடைக்க முடிகிற இடத்துக்குப் பூச்சு, துடைக்கவே முடியாத இடத்துக்கு ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு எழுதினேன். துரு பராமரிப்புக் குறை, உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. புது போல்ட் இலவசமாகத் தருவதாகவும் சொன்னார்கள், அனுப்பும் செலவு மட்டும் என்னுடையது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கழற்றவே முடியாமல் செய்த ஒன்றை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமையலறைக் கத்தி தினமும் கையில் இருக்கும், குறை வந்தால் அன்றே தெரியும். அவசரப் பையில் இருக்கும் கத்தி பெரும்பாலான நாட்கள் சும்மாவே கிடக்கும். காரின் பின்பெட்டியில், வெயிலிலும் ஈரத்திலும், உறைக்குள். அப்படி ஆள் கவனிக்காமல் கிடக்கும்போது கெட்டுப்போகாமல் இருப்பதுதான் அதன் முதல் வேலை. கடைகளில், வீடியோக்களில் எல்லாரும் மரத்தை வெட்டிக் காட்டுகிறார்கள். ஒரு வருடம் பைக்குள் போட்டு வைத்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றிக் காட்டிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. உறையிலும் இதே பாடுதான். தோல் உறை அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்த ஊரில் கார்பன் கத்தியைத் தோல் உறையில் போட்டுப் பையில் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் உறை பரவாயில்லை, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தீர்வு தெரியாத காலமும் இல்லை. கிரிஸ் ரீவ் 1980-களில் இதே டர்பனில்தான் கத்தி செய்யத் தொடங்கினார், 1989-இல் அமெரிக்கா போனார். அவருடைய ஒன்-பீஸ் கத்திகள் முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தவை. வாயும் பிடியும் ஒரே உலோகம், பிடி உள்ளே குடைந்து, பின்னால் மூடி போட்டது. தனித் தகடு இல்லை, அதனால் தகட்டுக்கு அடியில் துரு என்ற பேச்சே இல்லை. அது ஏ2 எஃகு, அதுவும் துருப்பிடிக்கும்தான். ஆனால் துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வகையை இப்போது புதிதாகச் செய்வதில்லை. பழையது கிடைத்தாலும் சேகரிப்பவர்கள் சொல்லும் விலையில் காரின் பின்பெட்டியில் போட்டு வைக்க மனம் வராது.

தம்பி மலைக்குப் போகிறவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் மேலே பெரிய கத்திக்கு வேலை ரொம்பக் குறைவு. அந்தக் காட்டுப் பகுதியில் தீ மூட்டவே அனுமதி இல்லை, அப்புறம் யாருக்காக விறகு பிளப்பது? அங்கே ஆளைக் கொல்வது குளிரும் மின்னலும்தான். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலை அடைபட்டபோது, வண்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தேவைப்பட்டது கம்பளியும் தண்ணீரும் சாப்பாடும். அதனால் கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல தூக்கப்பை வாங்கு என்றே அவனிடம் சொன்னேன்.

சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். 2013-இன் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் கத்தி வைத்திருப்பதையே குற்றம் என்று சொல்வதில்லை. தவறான நோக்கம் இருக்கிறது என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படி வைத்திருந்தால்தான் பிரச்சினை. மலையேற்றப் பைக்குள், கூடாரம் அடுப்போடு இருந்தால் ஒரு கதை. இருக்கைக்கு அடியில் தனியாக இருந்தால் போலீஸ்காரரிடம் சொல்ல வேண்டிய கதை வேறு.

கடலோரத்தில் இருப்பவர்கள் என்னிடம் கேட்டால், ஸ்டெயின்லெஸ்ஸில் நடுத்தரக் கத்தி ஒன்று, மடக்கு ரம்பம் ஒன்று. ஸ்வீடன் கம்பெனியான மோராவின் கார்பெர்க் கத்தி 14C28N என்ற ரக ஸ்டெயின்லெஸ் எஃகு, சுமார் 14 சதவீதம் குரோமியம், வாய் 109 மில்லிமீட்டர்தான். ஆனால் தரைவிரிப்பு, கயிறு, துணி, மீன் எல்லாம் அதில் நடக்கும். சிறு கட்டையையும் பிளக்கும். கிளை அறுக்க பாக்கோ கம்பெனியின் லாப்லாண்டர் மடக்கு ரம்பம். எந்தப் பெரிய கத்தியும் ஓங்கி ஓங்கி வெட்டி முடிப்பதற்குள் ரம்பம் வேலையை முடித்துவிடும், அதுவும் களைத்துப்போன கையில் ஓங்கி வெட்டும் ஆபத்து இல்லாமல். புதர் வெட்ட வேண்டுமா, நம் ஊர் லாஷர் கரும்புக் கத்தி இருக்கிறது. நம் முன்னோர்கள் இந்த மண்ணின் கரும்புத் தோட்டங்களில் பிடித்த கருவியின் வாரிசு அது, விலையும் கை எட்டும் தூரம்.

இவ்வளவும் எழுதிவிட்டு அவனுக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். மாரிட்ஸ்பர்க் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே துரு இவ்வளவு வேகமாக வராது என்றான். இருக்கலாம். அப்படியும் வாங்குவதென்றால், வந்த அன்றைக்கே தகட்டைக் கழற்றி, தண்டுக்கு மெழுகோ பெயின்டோ அடித்து, மரையில் பசை இல்லாமல் மாட்டு, சரியான அங்குலக் கீயைக் கத்தியோடு உறைப் பையிலேயே போட்டு வை என்றேன். பட்டறை அண்ணன் என்னுடையதற்குச் செய்து கொடுத்திருப்பதும் இதுதான். குழிகளைத் தேய்த்து, எபாக்ஸி பூசி, இப்போது மில்லிமீட்டர் போல்ட் போட்டிருக்கிறார். பிடி அசையவில்லை.

"அப்போ உன்னோடதை எனக்கு வித்துடேன்" என்றான். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.