மாம்பழ சீசனுக்கு முன் கிளவுடுக்கு: அஸ்யூர் டெவ்ஆப்ஸ் மைக்ரேஷன் டூல்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை, பேட்ச் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். ஆறு பேர். மே மாதம் ஆலைகள் ஓடத் தொடங்கினால் ஜூலை வரை போன் ஓயாது. அதனால் கோடையும் வேலைப் பதிவுகளையும் வைத்திருந்த, ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய டிஎஃப்எஸ் (டீம் ஃபவுண்டேஷன் சர்வர்) சர்வரை பிப்ரவரியிலேயே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸ்யூர் டெவ்ஆப்ஸுக்கு மாற்றினோம். அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் டேட்டா மைக்ரேஷன் டூலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்மைய இரண்டு வெளியீடுகளைத்தான் டூல் ஏற்கும் என்பதால் முதலில் சர்வரைப் புதுப்பித்தோம். பிறகு, மாற்றத்துக்குத் தடையாக என்ன இருக்கிறது என்று சோதிக்கும் வேலிடேட் கட்டளை. நான்கு புராஜெக்டுக்கும் சேர்த்து 63 பிழைகள்.

கோடில் ஒன்றும் இல்லை, எல்லாமே டெம்ப்ளேட்டில், அதாவது வேலைப் பதிவுகளின் வகை, ஃபீல்டு, ஸ்டேட் இவற்றை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளில். 2011-ல் தொடங்கிய புராஜெக்டுகள், வருடத்துக்கு வருடம் ஆளாளுக்கு மாற்றியவை. பெங்களூராவுக்கு ஒரு லிஸ்ட், அல்போன்சாவுக்கு ஒரு லிஸ்ட், ஒவ்வொரு ஆலைக்கும் தனி லிஸ்ட் என்று ஏகப்பட்ட குளோபல் லிஸ்ட் (எல்லா புராஜெக்டுக்கும் பொதுவான தேர்வுப் பட்டியல்) சேர்ந்திருந்தது. கிளவுடில் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆலை லிஸ்ட்டுகளை ஒன்றாக்கியதும் அந்தப் பிழை போனது.

டிஎஃப் 402556 என்ற பிழை எண் வந்தால் பயப்பட வேண்டாம். இட்டரேஷன் ஐடி (வேலைச் சுற்றின் எண்) ஃபீல்டின் பெயர் பழைய டெம்ப்ளேட்டில் வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். விட்அட்மின் சேஞ்ச்ஃபீல்ட் கட்டளையில் பெயரை மாற்றினால் சரி. 402571 என்பது பிராசஸ் கான்ஃபிகரேஷனில் பக் (மென்பொருள் பிழைப் பதிவு) பகுதியே இல்லை என்று சொல்வது. எக்ஸ்எம்எல்லை எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் பகுதியைச் சேர்த்து, திரும்ப இம்போர்ட் செய்தோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு வேலிடேட்டை மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்தால் சில சமயம் நான்கு மறையும்.

எனக்கு இரண்டு நாள் போன இடம் வேறு. டூல் பல லாக் எழுதும். அதில் 'ட்ரை மேட்ச் ஓஓபி பிராசஸஸ்' என்ற லாக், உங்கள் டெம்ப்ளேட் மைக்ரோசாஃப்டின் ஆயத்த டெம்ப்ளேட்டுகளான அஜைல், ஸ்க்ரம், சிஎம்எம்ஐ இவற்றோடு அப்படியே பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பது. இன்ஹெரிட்டட் பிராசஸ் (அந்த ஆயத்த டெம்ப்ளேட்டை அடிப்படையாக வைத்து பிரவுசரிலேயே மாற்றிக்கொள்ளும் முறை) வேண்டும் என்றால்தான் அதைத் திருத்த வேண்டும். நாங்கள் 'ஆலையில் சோதனை' என்ற எங்கள் சொந்த ஸ்டேட்டை விட மனமில்லாமல், நம் எக்ஸ்எம்எல் டெம்ப்ளேட்டையே கிளவுடிலும் வைத்துக்கொள்ளும் ஹோஸ்டட் எக்ஸ்எம்எல் முறையே போதும் என்றோம். அந்த முடிவை முதல் நாளே எடுத்திருந்தால் புராஜெக்ட் பெயரில் வரும் லாக்குகளை மட்டும் பார்த்திருப்பேன். பின்னால் இன்ஹெரிட்டடுக்கு மாற வழி இருக்கிறது.

டூல் தானாக எதையும் திருத்தாது. எனக்கு அதுதான் பிடித்தது. எந்த உறுப்பு, என்ன குறை என்று எண்ணோடு சொல்லிவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறது. பத்து வருட வேலைப் பதிவை வைத்துக்கொண்டு ஒரு கருவி தன்னிஷ்டத்துக்கு மாற்றினால் யார் பொறுப்பு?

மற்றது எளிது. கலெக்‌ஷனை (எல்லா புராஜெக்டும் அடங்கிய தரவுத்தளம்) சர்வரிலிருந்து கழற்றி டேக்பேக் என்ற ஒரே கோப்பாக்கி இரவோடு இரவாக ஏற்றினோம். தென்னிந்தியா என்று தேர்ந்தெடுத்தால் தரவு சென்னையிலேயே இருக்கும். ட்ரை ரன் (ஒத்திகை) செய்து பார்த்த பிறகே உண்மையான ரன். முதல் 5 பேருக்கு இலவசம், ஆறாவது ஆளுக்கு மட்டும் கட்டணம் கட்டுகிறோம்.

திருத்தத் தொடங்கும் முன் ஒவ்வொரு ஒர்க் ஐட்டம் டைப்பின் (வேலைப் பதிவு வகையின்) எக்ஸ்எம்எல்லையும் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். எங்களுக்கு இரண்டு முறை அது தேவைப்பட்டது.